லயத்தில் கேட்ட பாக்

மலேசியத் தோட்டத் தமிழில் லயம் என்றால் வீடு. ஒரே கூரைக்குக் கீழே, பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடு. ஆங்கிலத்து ‘லைன்’ எங்கள் பாட்டன்மார் வாயில் லயமாயிற்று. இசையில் லயம் என்று ஒன்று உண்டென்பது இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டும் வேறு வேர் கொண்ட சொற்கள். ஆனால் இங்கே நான் எழுதப்போகும் இசைத்தொகுப்பை முதலில் கேட்டது மலாக்கா மாநிலத்து ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் என்பதால், என் காதில் அவை ஒட்டிக்கொண்டுவிட்டன.

தொகுப்பு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. ‘இதற்கு எப்படிப் பெயர் வைப்பது’ என்று பொருள். 1986-இல் வெளிவந்தது. பத்து உருப்படிகள். பாடகர் கிடையாது, சொல் கிடையாது, பின்னால் ஒரு படமும் கிடையாது. திருவையாற்றுத் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட வயலின் இசை. அதே ஆண்டில்தான் ‘மௌன ராகம்’, ‘புன்னகை மன்னன்’, ‘விக்ரம்’ எல்லாம் வந்தன. அந்தப் படங்களின் பாடல்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர வழி கேட்கவில்லை. வானொலி கொண்டுவந்தது, திருவிழா மேடையில் பாடும் இசைக்குழு கொண்டுவந்தது, திடலில் திரை கட்டிக் காட்டிய படம் கொண்டுவந்தது. இந்தத் தொகுப்புக்கு அப்படிப்பட்ட வாகனம் எதுவும் இல்லை. அது தனியாக வந்தது.

எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர் என் பெரியண்ணன். பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எழுபதுகளிலிருந்து மலாக்காத் தோட்டப் பிள்ளைகள் பால்மரத்தை விட்டு அந்தப் பக்கம் போகத் தொடங்கியிருந்தார்கள். சம்பள நாளில் ஜாலான் பெண்டஹாராவின் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு கேசட் வாங்குவது அண்ணனின் வழக்கம். மேலட்டையில் இளையராஜா பெயரைப் பார்த்ததும், படப்பாட்டு என்றே எடுத்துவந்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிட்டோம். வயலின்கள் எழுந்தன, பின்னின, அடங்கின, மறுபடி எழுந்தன. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுக் கேட்டார்: “ஏன்டா, பாட்டு எப்பதான்டா வரும்?”

அந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. ஆனால் கேசட்டை யாரும் நிறுத்தவில்லை. வந்து நாற்பது ஆண்டாகப் போகும் ஒரு சொல்லில்லாத தொகுப்பு இன்றும் கேட்கப்படுவது ஏன் என்று ஆராயப் புகுந்தபோது, அம்மாவின் கேள்வியே நல்ல வாசலாகத் தெரிந்தது.

மேற்கில் இப்படிப்பட்ட தொகுப்புகளுக்கு ஒரு பெயர் உண்டு. ‘புரோகிரசிவ் ராக்’ என்பார்கள். 1967 வாக்கில் இங்கிலாந்தில் முளைத்தது. மூன்று நிமிடப் பாட்டு என்ற அளவை மீறி, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கட்டுமானமாக எண்ணி எழுதுவது அதன் அடையாளம். ‘மூடி புளூஸ்’ அந்த ஆண்டிலேயே ஒரு வாத்தியக்குழுவோடு சேர்ந்து ஒரு நாளின் பொழுதுகளைத் தொகுப்பாக்கினார்கள். 1972-இல் ‘யெஸ்’ குழு ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டை வைத்தது. ‘ஜெத்ரோ டல்’ இரண்டு பக்கத்தையும் ஒரே பாட்டால் நிரப்பியது. அதே குழு 1969-இல் பாக்கின் ஒரு நடன இசையைப் புல்லாங்குழலில் வாசித்திருந்தது. பாக் மேல் ராக் இளைஞர்களுக்கு ஒரு தீராத ஈர்ப்பு இருந்தது. கிட்டாரும் முரசும் கையில் இருக்க, தேவாலயத்து ஆர்கனின் கணக்கை அவர்கள் தேடினார்கள்.

அந்த வகையில் எல்லாரும் அறிந்தது ‘பிங்க் ஃபிளாய்ட்’ குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1973-க்கும் 1988-க்கும் இடையே அது இருந்த வாரங்கள் 741. இந்த எண்ணை நான் விற்பனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, தன் காசில் முதல் இசைத்தட்டை வாங்கும் காலம். முதலில் கேட்டவர்களின் பிள்ளைகளும் வாங்கினால்தான் ஒரு தொகுப்பு அவ்வளவு காலம் பட்டியலில் நிற்கும்.

ஆனால் இளையராஜாவின் தொகுப்புக்கு நெருங்கிய உறவு பிங்க் ஃபிளாய்ட் அல்ல, அதே 1973-இல் வந்த ‘டியூபுலர் பெல்ஸ்’ என்பேன். மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற இளைஞர் பத்தொன்பது வயதில், பெரும்பாலான கருவிகளைத் தானே வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒலியை அடுக்கிச் செய்தது. அதிலும் பாட்டு என்று சொல்லத்தக்கது இல்லை. சிறு சுரக்கோவை ஒன்று திரும்பத் திரும்ப வர, அதன்மேல் கருவிகள் ஒவ்வொன்றாய் வந்து சேரும். அந்த ஆண்டின் கடைசியில் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படம் அதன் தொடக்கத்தை எடுத்தாண்டது. படத்துக்காக இசை பிறக்கவில்லை. பிறந்துவிட்ட இசையைப் படம் தேடி வந்தது. இதே திருப்பம் ‘ஹவ் டு நேம் இட்’டுக்கும் நேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

‘ஹவ் டு நேம் இட்’டை ராக் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதன் உயிர் கிட்டாரில் இல்லை, வில் பட்டு ஒலிக்கும் நரம்பில் இருக்கிறது. ஆனாலும் புரோகிரசிவ் ராக்கின் மூன்று ஆசைகளும் அதில் இருக்கின்றன: தொகுப்பை ஒரே படைப்பாக எண்ணுவது, செவ்வியல் வடிவத்தை வெகுமக்கள் கருவியோடு மோதவிடுவது, கேட்பவரிடம் பொறுமையைக் கேட்பது. தமிழில் இந்த மூன்றையும் ஒருசேரக் கொண்டு, அதே சமயம் தோட்டத்து லயம்வரை வந்து சேர்ந்த தொகுப்பு வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இனி அம்மாவின் கேள்வி. பாட்டு எப்போது வரும்?

படப்பாட்டுக்குப் பழகிய காது அது. முதலில் தொடக்க இசை, பிறகு பல்லவி, அதன் பின் இடையிசை, சரணம், மறுபடி ஓர் இடையிசை. சொல் வரும்வரை வயலின் நம்மை வாசலில் உட்காரவைத்துப் பேச்சுக்கொடுக்கும். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்ததிலிருந்தே இளையராஜா இந்த வாசல் நேரத்தைத் தன் பள்ளிக்கூடமாக ஆக்கிக்கொண்டார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதிப் படித்தவர் அவர். அங்கே கற்றதையெல்லாம் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே கிடைத்த இருபது, முப்பது நொடிகளில் செய்து பார்த்தார். அடிநாதக் கிட்டார் பாட்டின் மெட்டைத் தொடராமல் தனக்கென ஒரு மெட்டோடு நடக்கும். வயலின் கூட்டம் இரண்டாய்ப் பிரிந்து ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். நாங்கள் யாரும் இதைக் கவனித்துக் கேட்டதில்லை. பால்வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகும்போது அந்த இடையிசைகளையும் சேர்த்தே வாயால் முனகுவோம். அது போதுமானதாக இருந்தது. பத்தாண்டில், எங்களுக்கே தெரியாமல், தமிழ்க் காதுகள் பலகுரல் இசைக்குப் பயிற்சி பெற்றுவிட்டன.

எனவே 1986-இல் அவர் செய்தது, நடுவீட்டை எடுத்துவிட்டு வாசலை மட்டும் வைத்துக் கட்டியது போன்றது. பாட்டு வரும் என்ற எதிர்பார்ப்பு கேட்பவர் நெஞ்சில் இருந்துகொண்டே இருக்கிறது, அது நிறைவேறுவதில்லை. அந்த எதிர்பார்ப்பே நம்மை அடுத்த நொடிக்கு இழுத்துச் செல்கிறது. இந்தத் தொகுப்பு பழசாகாததற்கு முதல் காரணம் இதுவென்று நினைக்கிறேன். படப்பாட்டு ஒரு முகத்தோடும் ஒரு காட்சியோடும் ஓர் ஆண்டோடும் கட்டப்பட்டது. அதைக் கேட்டால் அந்த ஆண்டு நினைவுக்கு வரும். அதுவே அதன் இன்பம், அதுவே அதன் வயது. இதற்கு முகம் இல்லை. கேட்பவர் ஒவ்வொரு முறையும் தன் கையிலிருப்பதைத்தான் போட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் உள்ளே, கட்டுமானத்தில் இருக்கிறது. ஓர் உருப்படியின் பெயர் ‘மேட் மாட் மூட் ஃபியூக்’. ஃபியூக் என்பது பாக் உச்சத்துக்குக் கொண்டுசென்ற வடிவம். லத்தீன் வேரில் ஓட்டம், தப்பியோடுதல் என்று பொருள். ஒரு குரல் தனியாக ஒரு சிறு சுரக்கோவையைச் சொல்லும். அதைக் கரு என்று வைத்துக்கொள்வோம். அது முடியும் இடத்தில் இரண்டாவது குரல் அதே கருவைப் பஞ்சமத்துக்கு ஏற்றிப் பதிலாகச் சொல்லும். முதல் குரல் ஓய்ந்துவிடாது, எதிராக வேறொன்றைப் பேசிக்கொண்டே போகும். பிறகு மூன்றாவது குரல், நான்காவது. யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. ஒவ்வொரு குரலையும் தனியாகப் பிரித்து எடுத்தாலும் அது தானே ஒரு மெட்டாக நிற்கும்.

கர்நாடக இசையில் இந்த ஏற்பாட்டுக்கு இடம் இல்லை. அங்கே ஒருவர் முன்னே போக மற்றவர் நிழலாய்த் தொடர்வார். அதைவிட ஆழமான ஒரு சிக்கலும் இருக்கிறது. மேற்கத்திய ஃபியூக்கில் கருவைப் பஞ்சமத்துக்கு ஏற்றும்போது சுருதிக்குள்ளேயே நிற்பதற்காகச் சில சுரங்களை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. ராகத்தில் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ ரி க ப த. அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு ரிஷபத்தை ஆதாரமாக்கினால் மத்தியமாவதி பிறக்கும். காந்தாரத்தை ஆதாரமாக்கினால் ஹிந்தோளம். பஞ்சமத்திலிருந்து தொடங்கினால் சுத்த சாவேரி. கிரக பேதம் என்று நம் இசையறிஞர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆக, மோகனத்தில் ஒரு கருவைச் சொல்லி, மோகனச் சுரங்களுக்குள்ளேயே பஞ்சமத்திலிருந்து பதில் சொன்னால், பதில் சொல்லும் குரல் சுத்த சாவேரியின் வாசனையோடு நுழையும். சுரங்களை மாற்றி மோகனத்தின் நடையைக் காப்பாற்றினால், மோகனத்தில் இல்லாத சுரம் உள்ளே வந்துவிடும். ராகம் காப்பாற்றப்பட வேண்டுமா, ஃபியூக் காப்பாற்றப்பட வேண்டுமா?

ராகத்தை வைத்து ஃபியூக் எழுதத் துணியும் எவரும் ஒவ்வொரு அடியிலும் இந்தப் பேரத்தை நடத்தியே ஆக வேண்டும். இளையராஜா அதை ஒளிக்கவில்லை. அவருடைய ஃபியூக்கைக் கேட்கும்போது இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று உரசும் ஓசை கேட்கிறது. ஒரு நொடி பாக் வெல்கிறார், மறுநொடி கமகம் வெல்கிறது. தீர்ப்பு வராத வழக்குப் போல அது நடந்துகொண்டே இருக்கிறது. நூறு முறை கேட்டவருக்கும் நூற்றொன்றாவது முறை கேட்க அங்கே ஏதோ மிஞ்சி நிற்கிறது. அழகாய்க் கலந்துவிட்ட கலப்பிசைகள் பல சீக்கிரம் அலுத்துப்போவதற்குக் காரணம், அவற்றில் இந்த உரசல் இல்லாமைதான்.

தோட்டத்துக் காது இதற்குப் புதிதா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் மாசி மகத்தன்று காவடிகளுக்கு நடுவே நின்றவர்களுக்குத் தெரியும். உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து ஒரு நீண்ட முனகலை எழுப்ப, மற்றத் தோல்கள் அதை வெட்டிக்கொண்டு வேறு கணக்கில் பேசும். ஒன்றை மட்டும் பிடித்து ஆடவும் முடியும், எல்லாவற்றையும் சேர்த்து அருள் வந்து ஆடவும் முடியும். அது தாளத்தின் பலகுரல். சுரத்தின் பலகுரலுக்கு அது நேரடிப் பயிற்சி ஆகாது என்று இசையறிஞர்கள் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பல குரல்கள் ஒரே நேரத்தில் பேசும்போது பதறாமல் நிற்கும் பழக்கம் எங்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

மலாக்காவில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. அது வயலினோடு நேரடியாகத் தொடர்புடையது. டொண்டாங் சாயாங். ரெபானா முரசும் கோங்கும் ஒலிக்க, இருவர் பந்துன் கவிதைகளால் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிப் பாடும் கலை. 2018-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மலாய்க்காரர்கள், பாபா நியோஞ்ஞா சீனர்கள், போர்த்துக்கீசிய வழியினர், மலாக்கா செட்டிகள் என நான்கு சமூகத்தாரும் அதைத் தங்கள் கலையாகப் பேணுகிறார்கள். செட்டிகள் சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து நிலைத்த தமிழர் வழியினர். காஜா பெராங்கில் இருக்கும் அவர்கள் கிராமத்தில் வீட்டு மொழி மலாய், கும்பிடுவது நம் தெய்வங்களை. அந்தக் கலையின் முதுகெலும்பு வயலின். பாடகரை ஒட்டி ஒட்டி நடந்தாலும் அது வெறும் நிழலாக இருப்பதில்லை. சொல் ஒரு பக்கம் போக வயலின் தனக்கென ஒரு வழியில் சுழித்துக்கொண்டு போகும். இளையராஜாவின் தொகுப்பைப் பல ஆண்டு கேட்ட பிறகு, ஒரு மாலை மலாக்காவில் டொண்டாங் சாயாங் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. தமிழர் வாயில் பாட்டும் அதற்கு வெளியே தன் போக்கில் ஓடும் வயலினும் இந்த ஊரில் வெகுகாலமாகவே இருந்திருக்கின்றன.

வயலின் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரராகிவிடும் கருவி. மலாக்காவுக்கு அது போர்த்துக்கீசியரோடு வந்ததென்று பொதுவாகச் சொல்வார்கள். தமிழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார்கள். தோளில் நின்ற கருவியைத் தரையில் உட்கார்ந்து, நுனியைக் கணுக்காலில் ஊன்றி வாசித்தார்கள். அந்த ஊன்றலால் இடக்கை விடுதலை பெற்று, நரம்பின் மேல் வழுக்கி ஓடிக் கமகம் பேச முடிந்தது. ‘ஹவ் டு நேம் இட்’டில் முதன்மை வயலினை வாசித்த வி. எஸ். நரசிம்மன் இரண்டு முறையும் அறிந்தவர். பிற்காலத்தில் ‘மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்’ என்ற நால்வர் குழுவை அமைத்துக் கர்நாடகக் கீர்த்தனைகளுக்குப் பலகுரல் அமைத்தவரும் அவரே. ஒரே கையில் இரு மரபும் இருந்திராவிட்டால் இந்தத் தொகுப்பு வெறும் தாளில் நின்றிருக்கும்.

தொகுப்பின் மையமாக நான் கருதுவது ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்னும் உருப்படி. ‘என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்.’ இன்னொரு உருப்படியின் பெயர் சில புள்ளிகளோடு தொடங்குகிறது: ‘அண்ட் வி ஹேட் எ டாக்’, பேசிக்கொண்டிருந்தோம் என்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே வாக்கியம். முதலாவது, பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா என்னும் இசைத்தொடரின் முன்னிசையை அடித்தளமாகக் கொண்டது. நடுவில் மூச்சுவிடாமல் ஓடும் இசை அது. ஒரே அளவுச் சுரங்கள் அருவி போல் கொட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் நம் வழி வயலின் குழைந்து வந்து சேர்கிறது. பெரியவரின் படைப்பில் கைவைப்பதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பாக்கே 1731-இல் இந்த முன்னிசையை எடுத்து, ஆர்கனுக்கு மாற்றி, வாத்தியக்குழுவைச் சேர்த்துத் தன் தேவாலயப் பாடலிசையான கான்டாட்டா ஒன்றுக்குத் தொடக்கமாக வைத்துக்கொண்டார். அந்த இசையின் கதவு முதலிலேயே திறந்துதான் இருந்தது.

பாக் அந்தப் பார்ட்டிட்டாவை எழுதிமுடித்த 1720-இல் மலாக்கா டச்சுக்காரர்களிடம் இருந்தது. அவர் இறந்த 1750-இல் இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் செங்கல் நிறத் தேவாலயம் பாதி கட்டப்பட்டிருந்தது; 1753-இல்தான் முடிந்தது. ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலைத் தைவநாயகம் செட்டி 1781-இல் எழுப்பியபோது திருவையாற்றில் தியாகராஜருக்குப் பதினான்கு வயது. கோயிலிலிருந்து சில அடி நடந்தால் 1748-இல் எழுந்த கம்போங் கிலிங் பள்ளிவாசல். பாக்கின் உலகும் தியாகராஜரின் உலகும் ஒரே நகரத்தின் சில தெருக்களுக்குள் அக்காலத்திலேயே அருகருகே இருந்தன. ஒருவரையொருவர் அறியாமல் இருந்தன, அவ்வளவுதான். எங்களைச் சுற்றியிருந்த மரங்களும் அப்படித்தான். ரப்பர் விதை 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது. 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் பாபா சீனரான டான் சாய் யான் நாற்பது ஏக்கரில் அதை நட்டது மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் என்று குறிக்கப்படுகிறது. பிறகு புக்கிட் அசகான். அப்புறம் அந்த மரத்தைச் சீவ எங்கள் முன்னோர். எல்லாமே எங்கிருந்தோ வந்து வேர்விட்ட மண்ணில், எங்கிருந்தோ வந்த வயலின் ஒலிப்பதில் ஆச்சரியம் இல்லை.

சொன்னபடி, படம் தேடி வந்த கதை. 1988-இல் பாலு மகேந்திராவின் ‘வீடு’ வந்தது. பாடல்களே இல்லாத படம். அதற்குப் பின்னணியாக ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசை பயன்பட்டது. அர்ச்சனா நடித்த சுதா, வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டிவந்து, சொந்தமாக ஒரு சிறு வீடு கட்ட முயல்கிறாள். கடன், அனுமதி, லஞ்சம், சிமெண்டுத் திருட்டு என்று படிப்படியாக அவள் நசுங்குகிறாள். தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர் முடியாத வீட்டுக்குள் நடந்து பார்க்கும் காட்சியைக் கண்ட எவரும் மறக்க மாட்டார்கள். தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தன.

எங்களுக்கு அந்தப் படம் சென்னைக் கதையாகத் தெரியவில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. வயதாகி வேலை முடிந்தால், அல்லது தோட்டம் கைமாறினால், மூன்று தலைமுறை அடுப்பெரிந்த வீட்டையும் விட வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. தோட்ட நிலம் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆனபோது ஊரே கலைந்தது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் விடியுமுன் ஒன்றாக நின்றவர்கள் புறம்போக்கிலும் அடுக்குவீட்டிலும் சிதறினார்கள். என் பெற்றோருக்கும் அது நேர்ந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிய நாளில் என் அம்மா அடுப்புக்கல்லைக் கடைசியாகக் கழுவிவிட்டு வந்தார். அதில் இனி யார் சமைக்கப்போகிறார்கள்? சுதாவின் வீட்டில் ஒலித்த வயலினை அதற்குப் பிறகு என்னால் வேறு எதனோடும் சேர்த்துக் கேட்க முடிந்ததில்லை. முகமில்லாத இசை என்று மேலே எழுதினேன். நான் போட்டு நிரப்பியது இது. மற்றவர்கள் வேறு எதையோ நிரப்பியிருப்பார்கள்.

குறையே இல்லாத தொகுப்பு என்று சொன்னால் அது பொய். சில இடங்களில் மின்விசைப்பலகையின் ஒலி அந்தக் காலத்துக்கே உரியதாய் மெலிந்து தெரிகிறது. நரம்பிசைக்குப் பக்கத்தில் அது நிற்க முடியாமல் தவிக்கிறது. சில உருப்படிகள் ஓர் எண்ணத்தைத் தொடங்கிவிட்டு, வளர்க்க இடமிருந்தும் முடித்துக்கொள்கின்றன. இளையராஜாவே இரண்டு ஆண்டு கழித்து, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பில் நீண்ட மூச்சு எடுத்தார். 2005-இல் திருவாசகத்துக்குச் சிம்பொனி வடிவம் தந்தார். 2025 மார்ச்சில் லண்டன் மேடையில் அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனி ஒலித்தது. கைத்தேர்ச்சியை மட்டும் அளந்தால் பின்னால் வந்தவை மேலும் பெரியவை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் பெயர் வைக்கத் தெரியாமல் நிற்கும் அந்த முதல் தயக்கம், தலைப்பிலேயே கேள்வியை வைத்த அந்தத் துணிவு, 1986-ஐத் தவிர வேறெங்கும் இல்லை. ‘டோன்ட் கம்பேர்’, ஒப்பிடாதே என்றும் ஓர் உருப்படிக்குத் தலைப்பு வைத்தார். இத்தனை பக்கம் ஒப்பிட்டுவிட்டேன். அவர் சொல்லைக் கேட்காமல் போனதற்கு வருத்தம் இல்லை.

பெயர் விஷயத்தில் தோட்டத்து மக்களுக்குத் தயக்கமே இருந்ததில்லை. கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் பெயர்ப்பலகையில் இருக்கும். நாங்கள் வைத்த தமிழ்ப் பெயர் வாயில் இருக்கும். பஸ்காரருக்கும் பின்னதுதான் தெரியும். அந்தக் கேசட்டுக்கும் எங்கள் வீட்டில் ஒரு பெயர் இருந்தது. அம்மா அதைப் ‘பாட்டு வராத கேசட்டு’ என்பார். வெறுத்து அல்ல. மழை பெய்து மரம் சீவும் வேலை இல்லாத காலைகளில், பசியாறிவிட்டுச் சும்மா இருக்கும்போது, “அந்தப் பாட்டு வராத கேசட்டைப் போடு” என்று அவரே கேட்பார்.

ஒருநாள் வானொலிப் பெட்டி அந்தக் கேசட்டைத் தின்றுவிட்டது. அண்ணன் பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றி எடுத்து, கசங்கிய துண்டைக் கத்தரித்து, பசைத்தாள் ஒட்டிச் சேர்த்தார். வெட்டுப்பட்டது பாக் வீட்டுக்கு வரும் இடம். அதன் பிறகு எங்கள் வீட்டில் பாக் ஓட்டத்தின் நடுவிலிருந்துதான் வருவார். ஒரு சின்ன இருமல் போன்ற ஒலி, உடனே கொட்டும் அருவி. இசை அப்படித்தான் தொடங்கும் என்றே வளர்ந்தேன். கோலாலம்பூரில் படிக்கப் போன பிறகு, ஒரு நூலகத்தில் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு மூன்றாவது பார்ட்டிட்டாவைத் தனி வயலினில் முதல் தடவையாகக் கேட்டேன். மேல் ஸட்ஜத்தைத் தொட்டு, நிஷாதத்தில் ஒரு காலை வைத்துத் திரும்பி, பஞ்சமம், காந்தாரம், மீண்டும் பஞ்சமம் என்று படியிறங்கிக் கீழ் ஸட்ஜத்தில் வந்து நின்றது. ஸ நி ஸ ப க ப ஸ. ஏழே சுரங்கள். அண்ணன் கத்தரித்து, ஜன்னல் வழியே லயத்து வடிகாலில் போட்டது அவற்றைத்தான்.